காணாமல் போன பிள்ளைகளின் அத்தை

1940ஆம் வருஷத்து மார்கழித் தேர் அன்று, சிதம்பரம் கீழவீதியில் பந்தோபஸ்துக்காகப் போட்டிருந்த போலீஸ் கொட்டகையில், ஏட்டையாவின் சுண்டுவிரலை ஒரு பையன் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டான். பையனுக்கு எட்டு வயது இருக்கும். கூட்டத்தில் தொலைந்தவன். "உங்கப்பன் பேரு என்னாடா?" என்று ஏட்டையா ஏழெட்டு முறை கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. தாடையைப் பிடித்து நிமிர்த்தியபோதுதான் திறந்தான்.

அதே கொட்டகையில், பெஞ்சுக்கு அடியில், ஆறு வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தம்பி போலிருக்கிறது. பத்து மாதம் இருக்கலாம். காலையிலிருந்து அழுததில் குழந்தைக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. ஏட்டையா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே கான்ஸ்டபிள் வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"யோவ், ஒன் ஊடு லைன்லதான இருக்குது? இதுங்க மூணையும் கொண்டும்போயி ஒன் சம்சாரத்துக்கிட்ட உடு. யாராவது தேடிக்கிட்டு வந்தா அங்க அனுப்பி வெக்கிறேன். என்னால ஆவாது."

போலீஸ்காரர்கள் குடும்பத்தோடு இருந்த லைன் வீடுகள் அங்கிருந்து நடை தூரம்தான். வைத்திலிங்கம் மூன்று பிள்ளைகளோடு போய் நின்றபோது அவர் மனைவி அமராவதி களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அஞ்சு வயதில் புஷ்பவள்ளி என்று ஒரு மகள்.

அமராவதி யார் எவர் என்று கேட்கவில்லை. விரலைக் கடித்த பையனைத்தான் முதலில் பார்த்தாள். அவன் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தான்.

"கொல்லப்பக்கம் மறைவா எடம் இருக்குது. போயி ஒண்ணுக்கு உட்டுட்டு வா."

பையன் ஓடினான். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவன் அவன். அதைப் போலீஸ்காரர்கள் யாரும் யோசிக்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தது அந்தப் பெண். குழந்தையை வாங்கக் கையை நீட்டினால் அவள் இன்னும் இறுக்கினாள். அமராவதி இழுக்கவில்லை. "நீயே வெச்சிக்கோ. ஒன்னயும் சேத்து நான் தூக்கிக்கிறேன்" என்று சொல்லி, குழந்தையோடு அவளையும் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அமராவதியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கைகள் தானாகத் தளர்ந்தன. பக்கத்து வீட்டு சவரியம்மாள், அவளும் ஒரு கான்ஸ்டபிளின் மனைவிதான், நாலு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், வந்து கைக்குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அது குடித்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

பின்னால் ஏட்டையா இதைக் கேள்விப்பட்டு, என்ன சாதியோ என்ன குலமோ, நாளைக்குப் பெற்றவர்கள் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டார். அமராவதி அதற்குச் சொன்ன பதில், "பசியில கெடந்த புள்ளங்க, அவ்ளோதான்."

ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த பையன் வாசற்படியில் நின்று விறைப்பாகச் சொன்னான். "நான் ஒண்ணும் காணாமப் போவல. எங்கப்பாதான் காணாமப் போயிட்டாரு."

"அப்புடியா? சரி, அவரு கெடைக்கிற வரைக்கும் வந்து இந்தக் களியக் கிண்டு. என் கையி ரெண்டும் இங்க மாட்டிக்கிச்சி. அடி புடிச்சிடப் போவுது."

அவன் வந்து கரண்டியைப் பிடித்தான். கிண்டக் கிண்ட, கேட்காமலே ஊர் பேர் அப்பா பேர் எல்லாம் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் மூன்று பிள்ளைகளையும் பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷத்திலிருந்து, தேரிலும் தரிசனத்திலும் தொலைந்த பிள்ளை எதுவானாலும் நேரே லைன் வீட்டுக்கு என்று ஆயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை. போலீஸ்காரர்களே அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள்.

இந்தத் திறமை அவளுக்குச் சிதம்பரத்தில் வந்ததல்ல. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த மல்லாட்டைக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். அவளுடைய தாயும் தெருப் பெண்களும் காலையிலிருந்து மாலை வரை கிடங்குக்குள் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தார்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் கிடங்குச் சுவரின் நிழலில் ஏழெட்டுப் பிள்ளைகள் கிடக்கும். அவற்றுக்குக் காவல் ஒன்பது வயது அமராவதி.

பசிக்கு அழுவது ஒரு மாதிரி, காது வலிக்கு அழுவது ஒரு மாதிரி, எறும்பு கடித்தால் வேறு மாதிரி என்று அங்கேதான் அவளுக்குக் காது பழகியது. ஒரு நாள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மல்லாட்டைப் பருப்பை மூக்குக்குள் போட்டுக்கொண்டது. கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு குச்சியைத் தேடினார்கள். அமராவதி குச்சிகளைத் தட்டிவிட்டு, குழந்தையின் இன்னொரு நாசித் துவாரத்தை விரலால் அடைத்து, கொஞ்சம் மிளகுத் தூளைக் காட்டினாள். குழந்தை தும்மிய தும்மலில் பருப்பு வெளியே வந்து விழுந்தது.

"ஒனக்கு யாருடி இத சொல்லிக் குடுத்தது?" என்று தாய் கேட்டாள்.

"யாரும் இல்ல. குச்சிய உட்டா உள்ளதான போவும்? தும்முனா வெளிய வரும்னு தோணிச்சி."

பதினெட்டு வயதில் வைத்திலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அவருக்கு மாற்றலான ஊர்களுக்கெல்லாம் போய், சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. இந்த விவரங்களை எனக்குச் சொன்னது அவள் மகள் புஷ்பவள்ளி.

திருவிழாப் பிள்ளைகளை அமராவதி பார்த்துக்கொண்ட விதத்தை லைனில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவருக்கும் அது முழுசாகக் கைவரவில்லை. கைக்குழந்தை வந்தால் அது வந்த துணியை அவள் மாற்றமாட்டாள். எவ்வளவு அழுக்கானாலும் அதிலேயே சுற்றித் தூளியில் போடுவாள். அந்தத் துணியில் அதன் தாயின் வாசனை இருக்கிறது என்பாள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையை ஒரு இடத்தில் உட்காரவைக்கமாட்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் எடுப்பாள், கூட்டுவாள், அரிசி களைவாள். கையில் ஒரு கத்திரிக்காயையோ மூடியையோ கொடுத்துவிடுவாள். "என்னா பேரு, என்னா பேருன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா அதுக்கு பயம் ஜாஸ்தியாவும். நம்ப வேலைய நம்ப பாத்தா, இது ஒரு ஊடு போலருக்குதுன்னு அது அடங்கிடும்."

எந்தப் பிள்ளையிடமும் தன்னை அம்மா என்று சொல்லிக்கொள்ளமாட்டாள். "அத்தன்னு கூப்புடு" என்பாள். அம்மா என்ற சொல் காதில் விழுந்தால் அடங்கின பிள்ளையும் மறுபடி அழும் என்பது அவள் கண்டது.

நாலைந்து வயதுப் பிள்ளைகள்தான் கஷ்டம். பேசத் தெரியும்; ஆனால் அம்மா பேர் அம்மா, அப்பா பேர் அப்பா. ஊர் பேர் கேட்டால் "எங்க ஊரு" என்று சொல்லும். அமராவதி வேறு வழியில் போவாள். "பக்கத்து ஊட்டு அக்கா ஒங்க அம்மாவ எப்புடிக் கூப்புடுவாங்க?" என்பாள். உடனே பேர் வந்துவிடும். "ஒங்க ஊருல என்னா வாசன அடிக்கும்?" என்று ஒரு பெண் குழந்தையிடம் கேட்டதற்கு, முந்திரிக்கொட்டை சுடுகிற வாசனை, கண் எரியும் என்று பதில் வந்தது. முந்திரி விளைவது காடாம்புலியூர்ப் பக்கம். அன்றைக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கிற மைக்காரர் மூலமாக, "காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்" என்று கூவச் சொன்னாள். கால்மணி நேரத்தில் தகப்பன் ஓடி வந்தான்.

பத்துப் பதினோரு வயதுப் பெண் பிள்ளைகள் வந்தால் வாசலில் வைக்கமாட்டாள். உள்ளே அழைத்துக்கொண்டு போய், சீப்பைக் கொடுத்து, கலைந்த தலையைப் பின்னிவிடுவாள். "நாலு பேரு பாக்குற மாரி அழுவ வுடக் கூடாது, அதுங்களுக்கு அவமானமா இருக்கும்" என்று சவரியம்மாளிடம் சொல்வாள்.

யுத்தம் முற்றிய வருஷங்களில் கூட்டம் குறைந்தது. ரயில்கள் குறைந்தன. ரேஷன் அரிசியில் கல்லும் புழுவும் வந்தன. அந்த நாட்களிலும் தேர் அன்று அவள் வீட்டில் ஒரு பானை கஞ்சி தயாராக இருக்கும். லைன் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி போடுவார்கள். புஷ்பவள்ளிக்கு மட்டும் ஒரு மனக்குறை. சிதம்பரத்தில் அத்தனை வருஷம் இருந்தும் அம்மா ஒரு முறைகூடத் தன்னைத் தேர் பார்க்கக் கூட்டிப்போகவில்லை. அமராவதியும் தேரைப் பார்த்ததில்லை. வடம் பிடிக்கிற சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்கும்.

1946 மார்கழியில் கூட்டம் பெருகி வழிந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் ஆட்கள் திரும்பியிருந்தார்கள். வேண்டுதல் பாக்கி எல்லோருக்கும் இருந்தது. தேர் அன்று நடுப்பகலுக்குள் அமராவதி வீட்டில் ஒன்பது பிள்ளைகள். பத்தாவதாக ஒரு கான்ஸ்டபிள் கொண்டுவந்து விட்டவன் ஐந்து வயதுப் பையன். காலுக்குப் பெரிதான புது கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தான். அழவில்லை. கஞ்சி குடித்தான். பேர் அய்யனார் என்றான். பக்கத்து வீட்டு அக்கா அவன் அம்மாவைச் செல்லாயி என்று கூப்பிடுவாள். ஊரில் ஆறு இருக்கிறது, அணைக்கட்டில் தண்ணீர் வழியும், திங்கட்கிழமை சந்தை கூடும் என்றெல்லாம் சொன்னான். சேத்தியாத்தோப்புப் பக்கம் என்று அமராவதி தெரிந்துகொண்டாள்.

"யாரு கூட வந்த?"

"அவரு கூட."

"அவருன்னா யாரு?"

பையன் குனிந்து பூட்ஸைப் பார்த்தான்.

மூன்று மணி வாக்கில் காக்கி கால்சட்டை போட்ட, மெலிந்த ஆள் ஒருவன் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். பேர் கொளஞ்சி என்றான். பையனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினான். பையன் அமராவதியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"எம் புள்ளதாங்க. கூட்டத்துல கைய உட்டுட்டான்."

அமராவதி குனிந்து கேட்டாள். "யாரு கண்ணு இவரு? ஒங்க அப்பாவா?"

"இல்ல. எங்க அப்பா இல்ல."

ஒன்பது வீடு தாண்டிக் கேட்கிற மாதிரிச் சொன்னான். லைன் பெண்கள் வெளியே வந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் நகைக்காகப் பிள்ளைகளைத் தூக்குகிறவர்களைப் பற்றி அந்த வருஷம் ஊரெல்லாம் பேச்சு. அமராவதி பையனைத் தன் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டு, அந்த ஆளைக் கேட்டாள்.

"புள்ளைக்கு என்னா வயசு?"

"அஞ்சு... அஞ்சு முடியப் போவுதுங்க."

"எந்த மாசம் பொறந்தான்?"

கொளஞ்சி விழித்தான்.

"என்னா சாப்புடுவான்? என்னா குடுத்தா சாப்புட மாட்டான்? அம்மை போட்டுச்சா? ராத்திரி யாரு பக்கத்துல படுப்பான்? எதுக்கு பயப்படுவான்?"

"நான் ஊருல இல்லிங்க, அக்கா" என்று மட்டும் சொன்னான்.

"புள்ளயத் தர முடியாது தம்பி. ஒன் சம்சாரம் இருந்தா கூட்டியா. அவகிட்ட குடுக்குறேன்."

விஷயம் தெரிந்து ஏட்டையா வந்துவிட்டார். அவனுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். உள்ளே தள்ளி நாலு போட்டால் உண்மை வரும் என்றார். அமராவதி குறுக்கே வந்து நின்றாள்.

"வாணாங்க ஏட்டையா. எனக்கு சந்தேகம், அதனால தர மாட்டேன்னேன். அதுக்காவ அந்த ஆள அடிக்கணும்னு இல்ல. புள்ளங்க பத்து பாத்துக்கிட்டிருக்குது."

ஏட்டையா கையை எடுத்தார். கொளஞ்சி யாரையும் ஏசவில்லை. பையனை ஒரு தரம் பார்த்துவிட்டு பஸ்ஸைத் தேடிப் போனான்.

மற்ற ஒன்பது பிள்ளைகளும் விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அய்யனார் மட்டும் தங்கினான். மறுநாள் காலையில் அவனுக்குப் பல் விளக்கிவிட்டு, முகம் கழுவித் துடைக்கும்போது அமராவதி மெதுவாகக் கேட்டாள்.

"பூட்ஸு நல்லாருக்குதே, யாரு வாங்கிக் குடுத்தது?"

"அவரு."

"அவரு ஒன்ன அடிப்பாரா?"

"இல்ல."

"ஒங்க ஊட்லதான் இருக்காரா?"

"ம். எங்க ஊட்டுச் சோறு எல்லாம் துன்னுவாரு."

"அப்ப அவரு ஒங்க அப்பா இல்லன்னியே?"

பையன் அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "எங்க அப்பா மலேயாவுல இருக்காரு" என்றான்.

அமராவதி துண்டும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையிடம் அவன் தாய் என்ன சொல்லியிருப்பாள்? அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் மலேயாவில் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆகவே மலேயாவில் இருக்கிறவர்தான் அப்பா. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற ஆள் எப்படி அப்பாவாக முடியும்? பிள்ளை பொய் சொல்லவில்லை. அவள்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

"நேத்தே இதக் கேட்டிருந்தா அந்த மனுசன் சட்டையில கை பட்டிருக்காதே" என்று சவரியம்மாளிடம் சொல்லி அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது சவரியம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு, கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் கொளஞ்சி வந்து இறங்கினான். மனைவி செல்லாயியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். அவளுக்கு ஒரு வாரமாகக் குளிர்காய்ச்சல். அதனால்தான் தேருக்கு வரவில்லை. பையன் "அம்மா" என்று பாய்ந்தான். செல்லாயி அவனைக் கட்டிக்கொண்டு அமராவதியைக் கும்பிட்டாள். மூச்சு வாங்க வாங்க விவரம் சொன்னாள். 1941இல் அவள் முழுகாமல் இருந்தபோது கொளஞ்சி தன் அண்ணனோடு வேலைக்காக மலேயாவுக்கு, ரப்பர் தோட்டத்துக்குப் போனான். ஆறே மாதத்தில் சண்டை அங்கே வந்துவிட்டது. கடிதம் நின்றது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் ஐந்து வருஷம். ஐப்பசியில் வந்து வாசலில் நின்றபோது அவளுக்கே அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அமராவதி கொளஞ்சியின் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி. மன்னிச்சிக்கோ."

"ஐயோ, என்னாக்கா நீங்க. கேட்டவன்கிட்டயெல்லாம் எம் புள்ளயத் தூக்கிக் குடுத்திருந்தாதான் தப்பு." அவன் பையன் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா நீங்க அத்தினி கேள்வி கேட்டீங்க. ஒண்ணுக்குக்கூட எனக்கு பதில் தெரியல. பஸ்ஸுல போவ சொல்ல அதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சி. ரெண்டு மாசமா கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்குறேன், கிட்டயே வர மாட்றான். பூட்ஸு வாங்கிக் குடுத்தேன், தேருக்குக் கூட்டியாந்தேன்..."

அவர்களை அன்றைக்கே திருப்பி அனுப்ப அமராவதிக்கு மனசில்லை. செல்லாயிக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்கவைத்தாள். பிறகு கொளஞ்சியைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். அங்கே கயிறு தொங்கிப்போன ஒரு கட்டில் கிடந்தது.

"இத அவுத்துப் பின்னத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்னு. புள்ளயக் கூப்புடாத. அவன் பக்கமே பாக்காத. ஒன் வேலையப் பாரு. அஞ்சு வயசுப் புள்ளங்க, கூப்புட்டா வராது. ஆளு மும்முரமா ஏதாவது செஞ்சிக்கிட்டிருந்தா, என்னான்னு பாக்கத் தானா வரும்."

கொளஞ்சி கயிற்றை அவிழ்த்தான். அய்யனார் முதலில் கதவு நிலையில் நின்றான். பிறகு படியில் உட்கார்ந்தான். கயிற்றின் மறுமுனை ஒவ்வொரு தடவையும் நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது பையன் எழுந்து போய் அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான். கொளஞ்சி சொன்னபடி நிமிராமல், "கெட்டியாப் புடி" என்று மட்டும் சொன்னான். கட்டில் பாதி முடிவதற்குள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பையன் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு வேளையில் அமராவதி சோற்றைப் பிசைந்து தட்டைக் கொளஞ்சியிடம் கொடுத்தாள். அவன் ஒரு உருண்டையை உருட்டிப் பையன் வாயருகே கொண்டுபோனான். பையன் முகத்தைத் திருப்பினான்.

"ஊட்டாத. உருட்டித் தட்டு ஓரத்துல வெச்சிட்டு என்கிட்ட பேசிக்கிட்டு இரு" என்று அமராவதி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அவன் மலேயாவில் மழை பெய்கிற விதத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். உருண்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, பையன் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அமராவதி வேண்டுமென்றே பாத்திரத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். பையன் கொளஞ்சியின் பக்கம் போய் நின்றான்.

"ஒண்ணுக்கு வருது. அங்க நாயி இருக்குது. வாங்க."

கொளஞ்சி எழுந்து போனான். திரும்பி வரும்போது பையனின் விரல் அவன் கால்சட்டைப் பையைப் பிடித்திருந்தது. நாய் என்றால் பயப்படுவான் என்பது அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. முதல் நாள் அமராவதி கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குப் பதில்.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செல்லாயி பையனிடம், "அப்பா கையப் புடிச்சிக்கோடா" என்றாள். பையன் அசையவில்லை. அமராவதி அவன் முன்னால் உட்கார்ந்தாள். இவர்தான் உன் அப்பா என்று அவள் சொல்லவில்லை.

"அய்யனாரு, ஒரு சேதி தெரியுமா? மலேயாவுல இருந்தாரே ஒங்க அப்பா, அவரு கப்பல் ஏறி வந்துட்டாரு. கப்பல் எம்மாம் பெருசு, கடல்ல எத்தினி நாளு இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. நீ அவரையே கேளு."

பையன் தலையை நிமிர்த்திக் கொளஞ்சியை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். மூவரும் லைனைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். திரும்பும் இடத்தில், "கப்பல்ல சோறு போடுவாங்களா?" என்று அவன் கேட்டது வாசலில் நின்ற அமராவதிக்குக் கேட்டது. கொளஞ்சி நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தான். பஸ் போய்விடும் என்று செல்லாயி கத்தவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து, வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அமராவதி ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டாள். "ஒங்க அப்பா எங்க இருக்காரு?" பட்டாளம், ரங்கூன் என்று பதில் வந்தால் அவள் ஜாக்கிரதையாகிவிடுவாள். அடுத்த ஆனித் திருமஞ்சனத்தில் மட்டும் இப்படி இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு தகப்பன்மாரும் ஏட்டையா கண்ணில் படாமல் உள்ளே உட்காரவைக்கப்பட்டு, பிள்ளையோடு சேர்ந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார்கள். கொளஞ்சி குடும்பமும் அந்த ஆனியில் வந்தது. அய்யனாரை அவன் தோளில் தூக்கி வைத்திருந்தான். "எறங்குடான்னா எறங்க மாட்றான் அக்கா, கழுத்து போவுது" என்று அவன் அலுத்துக்கொண்டதை லைனே கேட்டுச் சிரித்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த செல்லாயி இந்தப் பிரசவத்துக்காவது இந்த ஆள் ஊரில் இருப்பார் என்றாள்.

1948இல் வைத்திலிங்கத்துக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. அமராவதிக்குப் பிறந்த ஊருக்குத் திரும்பிய மாதிரி. சவரியம்மாள் ரயிலடி வரை வந்து அழுதாள். மஞ்சக்குப்பத்துப் பக்கம் புது லைனில் அமராவதி இரண்டு மாதம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு கான்ஸ்டபிளின் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுடைய மூன்று பிள்ளைகளும் இவள் வீட்டுக்கு வந்தன. அதற்குப் பிறகு வீடு காலியாக இருந்ததில்லை.

அடுத்த மாசியில், மகத்தன்று சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் சமயம், புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு லைன் வீட்டுக்கே வந்தார். பெரிய மீசை வைத்த இளைஞர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார்.

"கடற்கரையில தொலஞ்ச புள்ளங்களுக்குன்னு தனியா ஒரு கொட்டகை போடப் போறோம்மா. நீங்கதான் பாத்துக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஒங்களுக்கு என்னென்ன வேணும், சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அமராவதி யோசித்தாள். "ரெண்டு கொடம் நல்ல தண்ணி. ஒரு பானை கஞ்சி. நாலு பக்கமும் ஓலை மறைப்பு, கடலு தெரியக் கூடாது, தெரிஞ்சா ஓடுங்க. தூளி கட்ட கெட்டியா ஒரு மூங்கில்."

"அப்புறம்?"

"அப்புறம், நான் கூப்புடாம போலீஸ்காரங்க யாரும் உள்ள வரக் கூடாது."

சப்-இன்ஸ்பெக்டர் பென்சிலை நிறுத்தி வைத்திலிங்கத்தைப் பார்த்தார். வைத்திலிங்கம் கூரையைப் பார்த்தார்.

"நானுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நீங்களுந்தாங்க. வந்தீங்கன்னா அந்த மீசைய துணியப் போட்டு மூடிக்கிட்டு வாங்க."

அவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார். மாசி மகத்தன்று பதினாலு பிள்ளைகள் அந்தக் கொட்டகைக்கு வந்தார்கள். கடைசிப் பிள்ளையை அதன் தாய் வாங்கிக்கொண்டு போனபோது வெயில் இன்னும் இருந்தது.